தட்டப்பயற்று மீனுக்கு முள் வைத்தேன்

மீன் தின்று பழகாதவன் மீனுக்கு முள் வைக்கக் கூடாது. அறுபது தாண்டிய வயதில், சம்பந்தம் பேச வந்த ஒருவரின் தொண்டையைப் பணயம் வைத்து இதை நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் மகள் உமா, தன்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நாங்கள் டவுணில் வெங்காயத்தையே நாள் பார்த்து நறுக்கும் சைவக் குடும்பம். அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். பையனின் அப்பா மிக்கேல், ஆயுசு முழுக்கத் தோணியில் கிடந்தவர். அவரும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

"அவங்க இன்னும் சரின்னு சொல்லலப்பா. நம்மளப் பாத்துட்டுத்தான் முடிவாம். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும்" என்றாள் உமா.

ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் மீன் இல்லாமல் அந்த மனிதருக்குச் சோறு எப்படி இறங்கும் என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. செல்போனில் ஒரு வீடியோ வழி காட்டியது. தட்டப்பயற்றை ஊறவைத்து, சோம்பும் மிளகாய் வற்றலும் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, வாழையிலையில் பொதிந்து அவிக்க வேண்டும். ஆறியதும் மீன் துண்டு போல நறுக்கி, மசாலா தடவித் தோசைக்கல்லில் பொரித்தால் சைவ மீன் தயார். கொஞ்சம் பயறு இருந்தால் ஒரு பந்திக்கே மீன் பிடித்துவிடலாம் (வலை வேண்டாம், செலவும் இல்லை).

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். மீனின் எலும்புக்கூட்டைக் கரும்பலகையில் வரைந்தே தலை நரைத்தவன். முள் இல்லாத மீன் எனக்குப் பாதியில் விட்ட படமாகத் தெரிந்தது. மனைவி கோமதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, புது வாரியலை (துடைப்பத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) அவிழ்த்தேன். ஈர்க்குகளைக் கொதிநீரில் கழுவி ஒடித்து, விலா எலும்பின் சாய்வு மாறாமல் துண்டுதோறும் செருகினேன். முள்ளைப் பற்றிச் சொல்லாமல் பரிமாறினால் அசந்துபோவார் என்று எண்ணம்.

மிக்கேல் வந்ததிலிருந்து விறைப்பாகவே இருந்தார். எதைக் கேட்டாலும் "யோசிச்சிச் சொல்லுதோம் சார்" என்றார். இலையில் துண்டு விழுந்ததும், "இது பயறா சார்?" என்று கேட்டார். பயறேதான் என்றேன். அந்த நம்பிக்கையில் முழுத் துண்டையும் வாயில் போட்டார். மீன் என்று நினைத்திருந்தால் பிட்டுப் பார்த்திருப்பார்.

கண் பிதுங்கியது. கை தொண்டைக்குப் போனது. அவர் மனைவி சோற்றை உருட்டி வாயில் திணித்தார், கோமதி முதுகில் ஓங்கி அடித்தாள். உமா என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு கொலை வழக்காக மாறுவதை நான் நின்றபடியே பார்த்தேன்.

ஒரு பெரும் இருமல். ஈர்க்கு இலையில் வந்து விழுந்தது. கோமதி அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது நம்ம வாரியல் ஈர்க்குல்லா? எங்கன கூட்டணும்னு ஒரு வெவஸ்தை இல்லையா உங்களுக்கு?"

"முள்ளு இருந்தா மீன் மாதிரியே இருக்கும்னு..." என்றேன்.

மிக்கேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடல்லயே கெடந்தவன் நான். இன்னைக்கு வரைக்கும் ஒரு முள்ளு சிக்கினதில்ல." ஈர்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. மறுபடி இருமல் என்று பயந்தேன், சிரிப்பு. "மீனுன்னாலே மூக்கைப் பொத்துவியளோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தோம். நீங்க என்னடான்னா முள்ளு மொதக்கொண்டு வச்சிருக்கிய. இன்னொரு துண்டு போடுங்க சம்மந்தி. இந்தத் தடவ பாத்துத் தின்னுக்கிடுதேன்."

வந்ததிலிருந்து சார் என்றவர். உமா அழுதுகொண்டே சிரித்தாள். நான் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து பேரனும் பள்ளிக்கூடம் போகிறான். இன்றும் எங்கள் வீட்டில் அல்வாவே வைத்தாலும் மிக்கேல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முள்ளு எடுத்தாச்சா சம்மந்தி?" என்று கேட்ட பிறகே வாயில் போடுகிறார். கோமதி மட்டும் சிரிப்பதில்லை. புது வாரியல் வாங்கினால் இன்னும் பீரோவில் வைத்துத்தான் பூட்டுகிறாள்.