மூன்றாவது தடவை கேட்காத பண்ணை

விட்டுப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. போய்விடுகிறவர்கள் ஒரு வகை. போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவர்கள்தான் போய்விட்டார்களே. இரண்டாவது வகைக்கு ராஜினாமாக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ராஜினாமாக்காரரைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். எந்தக் கமிட்டி இருந்தாலும் அதில் அவர் இருப்பார். எந்தக் கமிட்டியில் இருந்தாலும் அதிலிருந்து குறைந்தது இரண்டு தடவை விலகியிருப்பார். 'எனக்குப் பதவி ஆசை கிடையாது', 'என் சுயமரியாதைக்கு இங்கே இடமில்லை', 'நான் ஒன்றும் கோபமாக இல்லை' என்ற மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர். சட்டைப் பையில் நாலாக மடித்த கடிதம் ஒன்று தயாராக இருக்கும். தேதி மட்டும்தான் எழுத வேண்டியிருக்கும்.

கடிதம் கொடுத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகும். வீட்டுக்கு வந்ததும் முன்னறை நாற்காலிகளை எதிரெதிராகத் திருப்பிப் போடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். போன் சத்தத்தை முழுதாக ஏற்றி வைப்பார். 'யாரும் வரப் போவதில்லை, நான் யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை' என்று பேப்பரைப் பார்த்துச் சொல்வார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆட்கள் வருவார்கள், கையில் வாழைப்பழத்தோடு. முதல் தடவை கேட்டால், 'வேண்டாங்க, சின்ன வயசு ஆளா யாரையாவது போடுங்க' என்பார். இரண்டாம் தடவை கேட்டால் மேலே ஃபேனைப் பார்ப்பார். மூன்றாவது தடவை கேட்டால் பெருமூச்சு விட்டு, 'சரி, உங்களுக்காக' என்பார். முதல் இரண்டும் கணக்கில் வராது, மூன்றாவதுதான் அழைப்பு.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவர் கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார். பெயர் சுந்தரராஜ். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் மற்றவர்கள் முடுக்கிய போல்ட்டுகளில் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். தெரு நலச் சங்கத்திலிருந்து நாலு தடவை ராஜினாமா செய்திருக்கிறார். கோயில் திருவிழாக் கமிட்டியிலிருந்து இரண்டு தடவை. அதில் ஒரு தடவை தேர் நடுத்தெருவில் வந்துகொண்டிருந்தபோது. மூன்று முறை கேட்டு முடிக்கும்வரை டயர் கடை வாசலில் சாமி முக்கால் மணி நேரம் காத்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் என்பதற்காக ஒரு டாக்டரிடம், அவருடைய நோயாளி என்ற பொறுப்பிலிருந்தே விலகுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டரும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார் என்பதுதான் ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு சுந்தரராஜ் விவசாயத்தில் இறங்கினார். நிலத்தில் இல்லை, போனில். விதை போட்டால் நாலு நிமிடத்தில் கோதுமை விளையும், மாட்டைத் தொட்டால் பால் வரும், அந்த மாதிரி ஒரு பண்ணை விளையாட்டு. ஆறு வருட உழைப்பில் எண்பத்தேழாவது லெவல். நாற்பத்தோரு பசுக்கள், ஒரு காற்றாலை. பசுக்களுக்கு லட்சுமி, கோமதி என்றெல்லாம் அவர் பெயர் வைக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரர் அல்லவா? பசு எண் ஒன்று முதல் பசு எண் நாற்பத்தொன்று வரை.

அந்த விளையாட்டுக்குள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள்: தங்கவயல் விவசாயிகள் சங்கம். பதினோரு உறுப்பினர்கள். பத்துப் பேர் வீட்டில் பூந்தொட்டிகூடக் கிடையாது. பதினோராவது ஆள் பக்கத்துக் கிராமமான பூதிகோட்டையின் சம்பங்கி, நிஜமான தக்காளி விவசாயி. பகலெல்லாம் நிஜத் தக்காளியைப் பறித்து, மண்டியில் விலை கேட்டு நொந்துபோய், சாயங்காலம் போனில் தக்காளி விற்று மனதைத் தேற்றிக்கொள்வார். 'இங்க ஒண்ணுலதான் ரேட்டு கரெக்டா கீது சார்' என்பார்.

தலைவர் சுந்தரராஜ். துணைத் தலைவர் தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் இருக்கும் கிளாரன்ஸ். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வரும் நடுத்தர வயதுக்காரர், போகும்போது விதைத்து வரும்போது அறுப்பவர். சங்கத்தில் ஒழுங்கு குறைகிறது என்று கண்ட தலைவர் இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கு விதிகள் கொண்ட ஒரு அறிக்கை எழுதினார். ஒன்பதாவது விதி அவருக்கே மிகவும் பிடித்தது: 'முப்பதாம் லெவலுக்குக் கீழ் உள்ள எவரையும், எக்காரணம் கொண்டும், யார் சிபாரிசு செய்தாலும், சங்கத்தில் சேர்க்கக் கூடாது.' அறிக்கையைப் போட்டுவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

கிளாரன்ஸ் ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

அவ்வளவுதான். மஞ்சள் நிறத்தில், நிமிர்ந்த, ஒற்றைக் கட்டைவிரல். பதினான்கு விதிக்கு ஒரு விரல். ஒரு மனிதன் இதைத் தாங்குவானா?

சுந்தரராஜ் நேராகப் போய்க் கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பசு கண்ணீர் விட்டது. 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று கேட்டது விளையாட்டு. சுந்தரராஜுக்குத் திருப்தி. இது முதல் தடவை. ஆம் என்று அழுத்தினார். 'உங்கள் விலங்குகள் உங்களைத் தேடுமே, உண்மையாகவே போகிறீர்களா?' இது இரண்டாவது. ஃபேனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஆம் என்று அழுத்தினார். பிறகு பெருமூச்சைத் தயார் செய்துகொண்டு மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தார்.

'உங்கள் விருப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றது திரை.

அறுபத்து நாலு வருட வாழ்க்கையில் சுந்தரராஜின் ராஜினாமாவை ஒருவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கூடவே ஒரு மின்னஞ்சல். முப்பது நாளுக்குள் அதே எண்ணில் திரும்ப உள்ளே வந்தால் எல்லாம் அப்படியே கிடைக்கும். அதற்குப் பிறகு பசு முதல் காற்றாலை வரை நிரந்தரமாக அழிந்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மமதா அதைப் படித்துப் பார்த்தாள்.

"சிம்பிள்பா. இப்பவே லாகின் பண்ணுங்க, அத்தனையும் வந்துரும்."

"நானா போறதா?"

"பின்ன யாரு போவாங்க?"

"கூப்பிடட்டும், போறேன்."

"யாருப்பா கூப்பிடுவாங்க? அது வெறும் சர்வரு."

"அந்த சர்வரு ரெண்டு தடவ கேட்டுச்சி இல்ல? மூணாவது தடவ கேக்கறதுக்கு இன்னாவாம்?"

மமதா ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நாற்காலிகள் எதிரெதிராகத் திரும்பின. இஸ்திரிச் சட்டை ஏறியது. போன் டிங் என்னும் போதெல்லாம் சுந்தரராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடன் வேண்டுமா என்று யாரோ கேட்டிருப்பார்கள். விளையாட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரே ஒரு தகவல் வந்தது: எங்களை விட்டு விலகிய அனுபவம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்? ஒன்று கொடுத்தார். ஏன் ஒன்று என்று கேட்டு ஆள் வருவார்கள் என்று நாலு நாள் சட்டையைக் கழற்றவில்லை. யாரும் வரவில்லை. சங்கத்தில் விளையாட்டே தானாகக் கிளாரன்ஸைத் தலைவராக்கியிருந்தது. காலையில் பால் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம், 'பதினேழாம் நம்பர் மடி கனத்துப்போய் நிக்கும்' என்று முனகினார்.

இப்போது அந்த டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வருடமாக சுந்தரராஜ் அறியாத ரகசியம் ஒன்று உண்டு. அவர் கடிதம் கொடுத்த மறுநாள் காலையில், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவர் மனைவி சரோஜம்மா சம்பந்தப்பட்டவர்களின் வீட்டுக்குப் போவார். 'ஒரு தடவ வந்து கூப்புடுங்க. மூணு தடவ கேக்கணும், மறந்துடாதீங்க' என்பார். பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்து, 'வரும்போது இத்த எடுத்துக்கினு வாங்க' என்பார். அந்த டாக்டர் வந்ததும் அப்படித்தான். அதே பழம் வீட்டுக்குத் திரும்பி வரும். ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும். பழத்தை உரிப்பவருக்கு மட்டும் தெரியாது.

இந்தத் தடவை நாற்காலி திரும்பியதைப் பார்த்ததுமே சரோஜம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எதிலிருந்து என்பதுதான் புரியவில்லை. கேட்டால் அவர், 'நான் ஒன்றும் கோபமாக இல்லை' என்கிறார். தெருச் சங்கத்தில் விசாரித்தார். இல்லை என்றார்கள். திருவிழாக் கமிட்டியில் விசாரித்தார். 'இல்லையேம்மா' என்றார் காரியதரிசி, கொஞ்சம் வருத்தத்தோடு. பேங்க், கூட்டுறவுக் கடை, அந்த டாக்டர் என்று நாலு வாரம் பையில் வாழைப்பழத்தோடு அலைந்தார். பழம் கறுத்ததுதான் மிச்சம். முப்பத்தோராம் நாள், வேறு வழியில்லாமல் மகளிடம் கேட்டார்.

"அய்யோ, அந்த கேம்தாம்மா. எப்பவோ ரகசியமா லாகின் பண்ணியிருப்பாருன்னு நெனச்சேன்."

"அந்தக் கம்பெனி எங்க கீது? பெங்களூரா?"

"ஃபாரின்மா."

"பஸ்ஸு போவாதா?"

போகாது என்று தெரிந்ததும் சரோஜம்மா கிளாரன்ஸுக்கு போன் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு கிளாரன்ஸும் சம்பங்கியும் வந்து சேர்ந்தார்கள். பழத்தை சரோஜம்மா பின்பக்கக் கதவு வழியாகவே கொடுத்திருந்தார். சம்பங்கி தன் பங்குக்கு ஒரு கூடை தக்காளியும் கொண்டுவந்திருந்தார். வீட்டில் அது நிறைய இருக்கிறதாம்.

"சார், நீங்க இல்லாம சங்கமே ஆவல சார். திரும்பி வந்துடுங்க" என்றார் கிளாரன்ஸ்.

"வேண்டாங்க. சின்ன வயசு ஆளா யாரையாவது போடுங்க."

"கேமுல போன சங்கப் போட்டியில கடைசி சார் நாம்ப" என்றார் சம்பங்கி. "ஸ்வல்ப யோசன பண்ணுங்க."

சுந்தரராஜ் ஃபேனைப் பார்த்தார். சமையலறைக் கதவோரம் நின்றிருந்த சரோஜம்மா மூன்று விரலைக் காட்டினார்.

"சார், அந்த விரலுக்கு மன்னிச்சிடுங்க" என்றார் கிளாரன்ஸ். "ரயில்ல நின்னுகினு வந்தேன், ஒரு கையிதான் ஃப்ரீயா இருந்தது. வாங்க சார்."

பெருமூச்சு வந்தது. முப்பத்திரண்டு நாளாக நெஞ்சில் தேக்கி வைத்திருந்த பெருமூச்சு. மேஜைமேல் இருந்த பேப்பர் அசைந்தது.

"சரி. உங்களுக்காக. புதன்கிழமை நல்ல நாளு. அன்னிக்கி லாகின் பண்றேன்."

வார விடுமுறைக்கு வந்திருந்த மமதா மெதுவாகக் கேட்டாள்: "புதனா? முப்பது நாள் டைமுதானேப்பா?"

"தெரியும். நாலு நாளு பாக்கி கீது." சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். சிவப்பு மையில் கோடுகள். "ஞாயித்துக்கிழம நாலு, ரெண்டாவது சனி ஒண்ணு, பண்டிக லீவு ஒண்ணு. ஆன முப்பத்திரெண்டுல ஆறு கழிச்சா இருபத்தாறு. நோட்டீஸ்னா வேல நாளுதான் கணக்கு."

"ப்பா. சர்வருக்கு லீவு கெடையாதுப்பா."

"எந்தக் கம்பெனியில ஞாயித்துக்கிழம வேல செய்றாங்க?"

சொல்லிக்கொண்டே போனைத் திறந்தார். எண்ணைப் போட்டார். 'வருக, புதிய விவசாயியே' என்றது திரை. ஒரு துண்டு நிலம். ஒரு கோழி. லெவல் ஒன்று. நாற்பத்தோரு பசுக்களையும் காற்றாலையையும் அது கேள்விப்பட்டதே இல்லை.

சம்பங்கி ஒரு பழத்தை உரித்து, சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இப்ப," என்றார் கிளாரன்ஸ் கடைசியில். "சங்கத்துல சேர ரிக்வெஸ்ட் குடுங்க. நான் ஒரே அமுக்குல சேத்துடறேன். பசு கிசு எல்லாம் நாங்க அனுப்பி வுடறோம்."

சுந்தரராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்து நாலு வருடம் போல்ட்டுகளைப் பார்த்த பார்வை.

"ஒம்போதாவது ரூலு இன்னா சொல்லுது?"

"சார்..."

"லெவல் ஒண்ண எப்படி சேப்ப? யாரு சிபாரிசு பண்ணாலும் கூடாதுன்னு எழுதியிருக்கேனா இல்லியா? படிச்சியா, விரல மட்டும் அனுப்புனியா?"

"உங்களுக்காக அந்த ரூல மாத்திடறோம் சார்."

"மாத்துனீங்கன்னா," சுந்தரராஜ் எழுந்து நின்றார், "நான் ராஜினாமா பண்ணிடுவேன்."

"எதுலருந்துங்க?" என்றார் சரோஜம்மா.

அந்தக் கேள்விக்குப் பதில் இன்றுவரை வரவில்லை. இப்போது அவர் பன்னிரண்டாம் லெவலில் இருக்கிறார்; கோழி எண் ஒன்று முதல் கோழி எண் ஒன்பது வரை. சங்கத்தில் சேர இன்னும் பதினெட்டு லெவல். யாராவது உதவி செய்தால் விதிமீறல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம். போன மாதம் 'உங்களுக்கெல்லாம் நான் இடைஞ்சலாக இருக்க விரும்பவில்லை' என்று எழுதிவிட்டுச் சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து நீங்கள் வெளியேறினீர்களே, மூன்றாம் நாள் உங்கள் சித்தப்பா போன் செய்து மன்றாடித் திரும்பச் சேர்த்தாரே. அவருக்கு உங்கள்மேல் அவ்வளவு பாசமா என்று நீங்களும் நெகிழ்ந்துபோனீர்களே. அதற்கு முந்தின நாள் காலையில் உங்கள் வீட்டிலிருந்து யார் காய்கறி வாங்கப் போனார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேட்க மட்டும் கேட்காதீர்கள். அடுத்த தடவை அவர் காய்கறிக்குப் போகாமல் இருந்துவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம்.