முழங்கை தொடர்பாக மாமாவுக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மருமகளின் பணிவான வணக்கம். தாங்களும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம், என் இடது முழங்கை நீங்கலாக. அந்த முழங்கையை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதம்.

அம்மா போனில் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லவேண்டும், நீங்கள் கூடாது என்றால் திங்கள் முதல் மேல்வீட்டு ஆடிட்டர் அம்மாவின் காரில் நான் போகவேண்டும், இதுதான் ஏற்பாடு. ஆடிட்டர் அம்மா நல்லவர். கார் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் கதவைச் சாத்தியதும், "அப்புறம், சொல்லு" என்று ஆரம்பிப்பார். எதைச் சொல்வது மாமா? "அப்படி என்னதான் படிக்கறே? படிச்சு என்ன பண்ணப்போறே? மனசுல யாராவது இருக்காங்களா?" நாற்பது நிமிஷமும் இதுதான். நூலகத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் கேட்பதைத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன், வீட்டில் அம்மா கேட்பதற்குப் பதில் சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் போகிற நேரம் ஒன்றுதான் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். அதைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நான் ஓட்டிய லட்சணத்தை மறைக்கப்போவதில்லை. சைக்கிள் வாங்குவதற்கு முன்பு அதைப் பற்றி மூன்று புத்தகம் படித்தேன். புத்தகத்தில் சாலை ரொம்ப அமைதியாக இருந்தது. வெளியே வந்தால் என்னைவிடச் சின்ன வண்டி ஒன்றுகூட இல்லை, பெரியவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் வளர்த்த பெண்ணல்லவா, எல்லாருக்கும் வழி விட்டேன். மணி அடிக்கவும் கை வரவில்லை. ஆறு வருஷமாக, சத்தம் போடுகிறவர்களை முறைத்துப் பார்ப்பதே என் வேலை. ஒரு தண்ணீர் லாரியிடம் மெல்லிய குரலில் "கொஞ்சம் வழி விடுறீங்களா" என்று கேட்டுப் பார்த்தேன், அது காதில் வாங்கவில்லை. ரவுண்டானாவில் உள்ளே நுழைந்துவிட்டேன், வெளியே வரத் தெரியவில்லை, நீங்க போங்க, நீங்க போங்க என்று தலையை ஆட்டியே ஏழு சுற்றுச் சுற்றினேன். ஆறாவது சுற்றில் சைக்கிளில் வந்த கூரியர்காரப் பெண் ஒருத்தி, "என்னங்க, இந்த ரவுண்டானாவ வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?" என்றாள். ஏழாவது சுற்றில் அவளுக்கே பாவமாகி, "என் பின்னாலயே வாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்து வெளியே விட்டாள்.

முழங்கை விஷயம் அதற்கு மறுநாள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று, நிறுத்தியிருந்த கார்களை உரசுகிற மாதிரி ஓரத்திலேயே போனேன். ஒரு கார்க்காரர் போன் பேசிக்கொண்டே கதவைத் திறந்தார். சைக்கிள் அங்கேயே நின்றது, நான் மட்டும் போனேன். மேலே போய்க் கீழே வந்தபோது, பக்கத்துக் கடை வாசலில் இறக்கி வைத்திருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஓடி வந்து, "மூணு பேர் உக்காரலாம் மேடம், துணி மாத்திக்கூடத் தருவோம்" என்றார். சோபாவின் கைப்பிடியில்தான் முழங்கை இடித்தது, அம்மாவிடம் சொன்ன மாதிரி லாரியில் இல்லை. லாரி என்று ஏன் சொன்னேன்? சோபாவில் அடிபட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வழியில் எதிர்ப்பட்ட அந்தக் கூரியர் பெண் என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "ஓரமாப் போனா இன்னும் ஓரமாத்தான் தள்ளுவாங்க. கார் கதவுக்கு ஒரு ஆள் அகலம் இடம் விடுங்க. திரும்புறதுக்கு முன்னாடி பின்னால பாருங்க, டிரைவர் கண்ணப் பாருங்க, கைய நீட்டுங்க, ரொம்ப யோசிக்காம திரும்புங்க" என்றாள். மூன்று புத்தகத்திலும் இதேதான் இருந்தது மாமா, ஆனால் யாரும் இப்படித் திட்டி எழுதவில்லை.

வியாழக்கிழமை அப்படியே செய்தேன். ஒடுக்கமான பாலத்தில் நடுவாகப் போனேன். பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திப் பிடித்தது, ஆனாலும் ஒதுங்கவில்லை, அங்கே ஒதுங்கினால் சுவர்தான். பாலம் முடிந்ததும் கையைக் காட்டி வழி விட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றார். "இல்ல சார், உங்கப்பா வீட்டுதும் இல்ல. பங்கு போட்டுக்கலாம்" என்றேன். நான்தான் சொன்னேன் மாமா! வழக்கமாக இந்த மாதிரிப் பதிலெல்லாம் எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும். அன்று எட்டு நிமிஷம் முன்னதாக நூலகம் போய்ச் சேர்ந்தேன்.

ஆகவே, தங்கள் தங்கையிடம் சைக்கிள் பாதுகாப்பானது, உன் பெண்ணுக்கு ஓட்டத் தெரியும், விட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லும்படி வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாமிக்கு என் அன்பு. மூட்டுவலித் தைலத்தை அவர் இரு வேளையும் தேய்த்துக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொள்ளவும். உங்கள் ஆசி என்றும் வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடலாம் என்று கீழே வந்தால் சைக்கிளைக் காணோம். திருட்டு என்று தெருவையே கூட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அம்மா என் சைக்கிளில் வந்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவின் நடுவில், பின்னால் இரண்டு காரை ஊர்ந்து ஊர்ந்து வரவைத்துக்கொண்டு. அப்படி என்ன ஆபத்து என்று பார்க்கத்தான் எடுத்தாளாம். எங்கே போனாய் என்றால், "எங்கயும் இல்ல. சும்மா போனேன்" என்கிறாள். "திங்கக்கிழமையிலேர்ந்து நீ அந்தக் கார்லயே போடி. எனக்கு இது வேணும்." எனவே மாமா, சைக்கிள் மகா ஆபத்து, அதுவும் ஐம்பத்து மூன்று வயதில் கூடவே கூடாது என்று அம்மாவுக்குக் கண்டிப்பாக எழுதவும். என்னால் சொல்ல முடியவில்லை. இறங்கும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.