வியாழக்கிழமைப் பிரதிநிதி

பத்திநாதர் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவரைத் தொழிலாளர் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள்.

"பத்தியண்ணை, வாழ்த்துக்கள்!" என்று கத்தினாள் அக்னெஸ். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் மன்னார்க்காரி. இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் கேட்கும்.

"என்னத்துக்குப் பிள்ளை?"

"இனி நீங்கள்தான் எங்களுக்காக மனேச்சரோட கதைக்கிற ஆள்."

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் இருந்த அந்த மெத்தைத் தொழிற்சாலையை முந்தின வருடம் ஒரு ஜெர்மன் கம்பனி வாங்கியிருந்தது. அவர்கள் நாட்டில் தொழிலாளர் சபை என்று ஒன்று உண்டாம். தொழிலாளரின் ஆளும் நிர்வாகத்தின் ஆளும் ஒரே மேசையில் இருந்து பேசுவார்களாம். இங்கேயும் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள், அவர் வியாழக்கிழமைதோறும் மனேச்சரைச் சந்திக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஹெயிட்டிக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். வியட்நாம்காரர்கள் சிரித்துக்கொண்டே மாட்டோம் என்றார்கள். மறுப்புச் சொல்ல அந்த இடத்தில் இல்லாதவர் பத்திநாதர் ஒருவர்தான். ஏகமனதாக முடிந்தது.

"எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலிசும் தெரியாது!"

"அந்த மனுசனுக்கும் பிரெஞ்சு தெரியாதாம். சமன்தானே!"

மனைவி செலீன் செத்த பிறகு பத்திநாதர் அதிகம் பேசியதே இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறை வீடு. ஆள் சத்தத்துக்காக ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சமைப்பார். சில நாட்களில் பஸ் சாரதிக்குச் சொல்லும் 'மெர்சி' என்ற நன்றி மட்டுமே அவர் வாயிலிருந்து வெளியே வரும். அப்படிப்பட்டவர் ஊருக்காகப் பேசுவதா? முதல் வியாழக்கிழமையே போய் இந்தப் பதவியை விட்டுவிட வேண்டும்.

மனேச்சர் ஹெல்மூத் உயரமானவர், முன்வழுக்கை. பத்திநாதரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"முவா... நோ," என்றார் பத்திநாதர், நான் மாட்டேன் என்ற பொருளில். மனேச்சர் விழித்தார். எனக்கு வயதாகிவிட்டது, இது சரிவராது என்று காட்ட, பத்திநாதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

ஹெல்மூத் பதறிப்போனார். தன் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து அவரை இருத்தினார். கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"சவா?" என்று சுகம் கேட்டார்.

"சவா," என்றார் பத்திநாதர்.

அதற்கு மேல் இருவருக்கும் மொழி இருக்கவில்லை. கோப்பி முடியும்வரை யன்னலுக்கு வெளியே பெய்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை, தையல் பகுதியில் முதுகு சாய்க்க வழியில்லாமல் கிடந்த பழைய முக்காலிகள் போய், சாய்கிற புதுக் கதிரைகள் வந்து இறங்கின.

"வாயில்லாப் பூச்சி எண்டெல்லோ நினைச்சம்! நீங்கள் சிங்கம் அண்ணை!" என்றாள் அக்னெஸ்.

"நான் அதைக் கேக்கேல்லைப் பிள்ளை. விலகத்தான் போனனான்."

"பாருங்கோ, செய்துபோட்டுச் சொல்லவும் மாட்டார்!"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். கையுறை கிழிகிறது, மேலதிக வேலைக்கு முதலே சொல்கிறார்கள் இல்லை, சுப்பவைசர் முறைக்கிறான். பத்திநாதர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். 'நீங்கள் எப்படி இருக்கிறீங்கள் அண்ணை' என்று ஒருவரும் கேட்டதில்லை. கழுவ வேண்டிய கோப்பைகள்தான் கூடின.

இதற்கு முடிவு கட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். நடக்க முடியாத ஒன்றைக் கேட்டால் அந்த மனிதருக்குக் கோபம் வரும், அவராகவே துரத்திவிடுவார்.

அந்த வியாழக்கிழமை ஹெல்மூத்தைக் கையைப் பிடித்துச் சாப்பாட்டறைக்கு இழுத்துப்போனார். வெளிச்சமே படாத அறை அது. செங்கல் சுவரில் ஓங்கித் தட்டி, மேல்வீட்டுக்காரியிடம் கேட்டுப் பாடமாக்கிய சொல்லைச் சொன்னார்.

"ஃப்னெத்ர்!" அதாவது, யன்னல்.

ஹெல்மூத் சுவரைப் பார்த்தார். பிறகு பத்திநாதரைப் பார்த்தார். அவர் தோளில் தட்டி, அறைக்குக் கூட்டிப்போய் இரண்டாவது கோப்பியும் ஊற்றினார்.

பங்குனியில் சுவரை இடித்து யன்னல் வைத்தார்கள். யன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையின் தூண்கள்தான் தெரிந்தன. ஆனாலும் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திநாதரை நடுவில் நிறுத்தினார்கள். எடுத்து முடிந்ததும் அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள். அவர் தன் சோற்றுப் பெட்டியோடு வழக்கமான மூலைக்குப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை ஹெல்மூத் ஒரு விமானப் படத்தைக் காட்டினார். முதலில் பத்திநாதரைச் சுட்டினார். பிறகு சுவரில் தொங்கிய ஐரோப்பிய வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டி, யாரிடமோ கேட்டுப் பாடமாக்கிய தமிழில், "எல்லோரும்... பேச்சு!" என்று கையால் பெரிய வட்டம் போட்டார். பல நாட்டுக் கிளைகளின் பிரதிநிதிகளும் ஜெர்மனியில் கூடுகிறார்களாம். மொன்றியலுக்காகப் பேசப் போவது பத்திநாதர்!

பத்திநாதர் நேரே மனேச்சரின் கந்தோரில் வேலை செய்த பிரியந்தியிடம் ஓடினார். இங்கேயே பிறந்த பிள்ளை. ஹெல்மூத்தோடு இங்கிலிசில் பேசுபவள் அவள் ஒருத்திதான்.

"பிள்ளை, உனக்குப் புண்ணியமாப் போகும். இந்த மனுசனுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. எனக்கு இந்தப் பதவி வேண்டாம். ஜெர்மனியும் வேண்டாம். என்னை விட்டாக் காணும்."

"ஷுவரா அங்கிள்? எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதைக்கினம்."

"என்னைப் பற்றிக் கதைக்கினம் பிள்ளை. என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை."

பிரியந்தி எழும்பி வந்தாள்.

அறையில் கோப்பி ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தது. பிரியந்தி மெதுவாக, ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். ஹெல்மூத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து கை கொடுத்தார். பத்திநாதரின் கையை உடனே விடவில்லை. ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"சரியாம். வேற ஆளைப் பாப்பினமாம்."

வெளியே வந்ததும் பத்திநாதர் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிவிட்டது. ஆனால் நெஞ்சு அந்தப் பாரத்தைத் தேடவும் செய்தது. நாலடி நடந்தவர் நின்றார்.

"ஒண்டு கேக்கட்டே பிள்ளை? கதிரையைக் கேக்காமலே தந்தார், யன்னலைக் கேட்ட உடன தந்தார். என்ர பாசை அவருக்கு எப்பிடி விளங்கினது?"

"ஒண்டும் விளங்கேல்லை அங்கிள்," என்றாள் பிரியந்தி. "ஒவ்வொரு வியாழனும் நீங்கள் போன பிறகு என்னட்டை வந்து கேப்பார், 'அவருக்கு என்ன செய்து குடுத்தா அடுத்த கிழமையும் வருவார்?' எண்டு."