கவிழும் கவிழும் என்று கூடவே வந்தவர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எத்தனையோ தலைமுறையாக மனிதர்கள் பிறந்து, வாழ்ந்து, போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரிலும் எதைப் பற்றியும் 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தவர் நொட்டை சார் ஒருவர்தான். நம்பாதவர்கள் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய நான் தயார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. திருவானைக்காவலில் அந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்கு ஊசலை ஆட்டிக் காட்டுவது உத்தியோகம். மீதி நேரம் உலகத்துக்கு நொட்டை சொல்வது. ஆள் நல்ல வாட்டசாட்டம். தொப்பை முன்னே வரும், அவர் பின்னே வருவார். கல்யாணம் ஆகவில்லை. நான் அப்போது தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வீட்டின் முன் போர்ஷனில் அவர், பின் போர்ஷனில் நான். ஆகவே அன்றாடம் முதல் நொட்டை எனக்குத்தான். "என்னங்க இது, பல்லு விளக்குறீங்களா, பாத்திரம் விளக்குறீங்களா?" என்பார்.

கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டும் நேரத்தில், "நாயனக்காரருக்கு மூச்சு வாங்குது, பார்த்தீங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இவர் போய் மூங்கிலைத் தட்டிப் பார்த்து, "இது பாதி வழிதான் தாங்கும்" என்றார். எல்லாரும் முறைத்தார்கள். பாதி வழியில் மூங்கில் படாரென்று விரிந்தது. பிணத்தைத் தாங்கிப் பிடித்த நாலு பேரும் ஏதோ இவர்தான் அதை உடைத்துவிட்ட மாதிரி மறுபடியும் முறைத்தார்கள்.

ஆனாலும் எங்கள் பக்கத்தில் சைக்கிளோ, மாடோ, மனையோ வாங்குகிறவர்கள் இவரைக் கூட்டிப் போகாமல் வாங்க மாட்டார்கள். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நொட்டை சார் ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று குறையோடு நிறுத்திக்கொண்டால் அது முதல் தரம். கை விரல் போதாமல் போனால் வேண்டாம். ஒரு கறவை மாட்டை ஒரு மணி நேரம் சுற்றி வந்துவிட்டு, "கறக்கும். ஆனா மூஞ்சில ஒரு ஏமாத்து இருக்கு" என்று மட்டும் சொன்னார். மாட்டுக்காரர் அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் கிடையாது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் டாக்டரம்மா ஒரு படகைப் பார்க்கச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்குக் கொள்ளிடத்தின் தென்கரையில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி. கொள்ளிடத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் பெரும்பாலும் அது மணல்தான். மாடு மேயும், பையன்கள் பந்தடிப்பார்கள். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் மிச்சத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் அன்றைக்கு அது கடல். பாலத்துக்குப் போகிற ரோடும் முழுகிவிடும். அக்கரைக் கிராமங்களுக்கு ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

அதற்கு முந்தைய ஆடியில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்து அக்கரையின் விளிம்புவரை தூக்கி வந்தார்கள். பரிசல்காரர் அந்தச் சுழலில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். டாக்டரம்மா இக்கரையில் பையோடு நின்றார். அவர்கள் அங்கிருந்து வேட்டியை ஆட்டினார்கள், இவர் இங்கிருந்து கையை ஆட்டினார். வெயில் ஏறிய பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர்கள் அவசரப்படாமல் நடந்து போனதைப் பார்த்தே டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் அந்தப் படகு வந்தது. ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். மதராஸ் துறைமுகத்தில் பந்தயத்துக்கு விட்ட பாய்மரப் படகு ஒன்றை அவர் கூட்ஸ் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டு வந்திருந்தார். முக்கொம்பில் ஒரே ஒரு நாள் விட்டார். மணலில் தட்டி நின்றது. அதோடு சரி. டாக்டரம்மா நேரில் போய், "எனக்குக் கொடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். தோணியில் வளர்ந்தவர். "டாக்டரம்மா, இது படகில்லீங்க, குதிரை!" என்றார்.

"குதிரையில நோயாளியை ஏத்தலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அப்போதுதான் நொட்டை சாருக்கு ஆள் போனது.

நொட்டை சார் ஒரு சாயங்காலம் வந்து படகைச் சுற்ற ஆரம்பித்தார். பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி பலகை பலகையாகத் தட்டினார். பேனாக்கத்தியால் வர்ணத்தைச் சுரண்டி அடியில் மரம் இற்றிருக்கிறதா என்று குத்திப் பார்த்தார். பாயை மணலில் விரித்து அதன் மேல் தவழ்ந்தார். இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாளும் வந்து சொன்னார்.

"உடம்பு ஒடிசல், பாய் மட்டும் பந்தல் மாதிரி. இவ்வளவு காத்தை வாங்கிக்கிட்டு இது எப்படி நிக்கும்? அடியில கனம் கிடையாது. அப்புறம் இதைப் பாருங்க. வயித்துலேயே ஓட்டை போட்டு ஒரு பலகையைச் சொருகியிருக்கான். படகுல ஓட்டை விழுந்தா அடைப்பாங்க, இவன் ஓட்டையைப் போட்டுட்டு அதைப் பெருமையா வேற வச்சிருக்கான்!"

"சார், அந்தப் பலகை தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் படகு பக்கவாட்டுல நழுவாது" என்றார் கம்பவுண்டர்.

"நழுவாது. மணல்ல தட்டும். தட்டினா கவிழும்."

"மணல் தட்டினா மேல இழுத்துக்கலாம் சார்."

"இழுக்கறதுக்குள்ள கவிழும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபத்துக்கு மேற்கே காவிரியில் படகை இறக்கினார்கள். நொட்டை சார் பாய்மரத்தில் நூல் கட்டி ஈயக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அடியில் கோணமானியை ஆணி அடித்து வைத்திருந்தார். படகு எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கவாம். தமக்கு நீச்சல் தெரியாது என்பதை நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் சொன்னார்.

காற்று விலாவில் அடித்ததும் படகு ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு சீறியது. படித்துறையில் ஈரத் துணியோடு நின்ற மாமிகள் "ரங்கா! ரங்கா!" என்று கூவினார்கள். ஈயக் குண்டு கோணமானியை விட்டே வெளியே போய்விட்டது. "சார், மேல் விளிம்புல ஏறி உக்காந்து வெளியே சாயுங்க!" என்று கம்பவுண்டர் கத்தினார். நொட்டை சார் பயத்தில் அப்படியே செய்தார். அவருடைய தொப்பை தண்ணீருக்கு மேலே போனதுதான் தாமதம், படகு நிமிர்ந்தது. நிமிர்ந்து அம்பு மாதிரி போனது.

கரைக்கு வந்ததும் கம்பவுண்டர் விளக்கினார். "காத்து முதுகுல அடிச்சா இது கழுதைங்க. விலாவுல அடிச்சாத்தான் குதிரை. கொள்ளிடம் கிழக்கே ஓடுது, ஆடிக்காத்தும் கிழக்கே அடிக்குது. நாம போகவேண்டியது வடக்கே. போகும்போதும் விலாவுல அடிக்கும், வரும்போதும் விலாவுல அடிக்கும். இந்த ஆத்தைக் குறுக்க தாண்டறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

நொட்டை சார் வேட்டியைப் பிழிந்து உதறினார். "வெளியே தொங்கறதுக்கு ஒரு தடியன் வேணும். இல்லாட்டி நிக்காது. அது படகோட குத்தம்" என்றார்.

ஆடி வந்தது. தண்ணீரும் வந்தது. ரோடு முழுகிய மறுநாள் அக்கரையில் வேட்டியை ஆட்டினார்கள். மறுபடியும் ஒரு கட்டில். பிரசவம்தான் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு நாள் நெருங்கியிருந்தது. ஆள் வந்து சொன்னதும் நானும் நொட்டை சாரும் ஓடினோம். கம்பவுண்டர் பாயைக் கட்டித் தயாராக நின்றார். செம்மண் நிறத்தில் மரமும் மட்டையுமாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரே வார்த்தை சொல்லுங்க. இதுல போகலாமா?" என்றார் டாக்டரம்மா.

நொட்டை சார் ஆரம்பித்தார். பாயின் ஓரத்தில் தையல் பழசு. பாய்மரத்தின் அடிக்கட்டை ஆடுகிறது. மிதந்து வரும் மரம் அந்த நடுப்பலகையில் இடித்தால் என்ன ஆகும்? சொல்லிக்கொண்டே போனார். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அங்க ஒரு உசுரு கிடக்குது. உங்க வாயால ஒரு தடவை நல்லதுன்னு சொல்லிட்டா என்னங்க குறைஞ்சு போயிரும்?"

நொட்டை சார் அவரைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு தடவை சொல்லியிருக்கேன் டாக்டரம்மா. உறையூர்ல என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப. எங்கப்பா என்னைத்தான் அனுப்பினாரு. பார்த்துட்டு வந்து, குறை ஒண்ணும் இல்லை, நல்ல பையன்னு சொன்னேன். அவளை அங்க அனுப்பிட்டு நான் இங்க இருந்துட்டேன். மறு வருஷம் அந்த வீட்டுக் கிணத்துலேர்ந்து அவளை எடுத்தோம்."

அத்தனை வருஷம் பக்கத்து போர்ஷனில் இருந்த எனக்கே அவருக்கு ஒரு தங்கை இருந்தது தெரியாது. அவர் நொட்டைகளை நான் ஆபீசில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

நொட்டை சார் செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். "நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். கூட வரேன்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார்.

நான் கரையில் நின்று பார்த்தேன். கம்பவுண்டர் சுக்கானில், டாக்டரம்மா நடுவில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்க நொட்டை சார். காற்று அவர் குரலைத் திரும்பத் திரும்ப எங்களிடம் கொண்டு வந்தது. "கவிழும்! இதோ கவிழப் போவுது! மரம் வருது பாருங்க, கவிழும்!" கரையில் இருந்தவர்கள் சிலுவை போட்டார்கள், சமயபுரத்தாளைக் கூப்பிட்டார்கள், அவரைத் திட்டவும் செய்தார்கள். படகு வெள்ளத்தில் கிழக்கே இழுபட்டு இழுபட்டு, கடைசியில் கட்டிலுக்கு நேராகவே போய்க் கரை தட்டியது.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை செத்தே பிறந்தது. நொட்டை சார் மணலில் உட்கார்ந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தது கால் மணி நேரம் இருக்குமா?"

டாக்டரம்மா காதில் அது விழுந்தது. "குழந்தை நேத்தே வயித்துல போயிருச்சு சார். நாம காலையிலேயே போயிருந்தாலும் இதேதான்."

"நீங்க என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. அதுக்கு ஆதாரம் இல்லை" என்றார் நொட்டை சார்.

அதற்குப் பிறகு அவர் கரையில் நின்று பேசியதே கிடையாது. கொள்ளிடத்தில் தண்ணீர் என்று கேள்விப்பட்டால் கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பேச்சையெல்லாம் படகுக்குள் வைத்துக்கொண்டார். பாம்புக்கடி, பிரசவம், வாந்திபேதி என்று பல வருஷம் அந்தப் படகு போய் வந்தது. எல்லாரும் பிழைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் பிழைத்தார்கள். மீதிப் பேருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டராவது இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் போகும்போது தேய்ந்துகொண்டே போகும், வரும்போது வளர்ந்துகொண்டே வரும். "கவிழும், கவிழும்!" ஒரு தடவைகூடக் கவிழவில்லை. அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னும் கவிழலைன்னு சொல்லுங்க" என்பார்.

அறுபதுகளில் ஒரு பங்குனியில், கொள்ளிடம் காய்ந்து கிடந்தபோது, மாரடைப்பில் போய்விட்டார். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில்தான். மருந்து கசப்பு போதாது என்று கம்பவுண்டரிடம் சொன்னாராம். அதுதான் கடைசி நொட்டை. நான் அன்றைக்கு அழுதேன். அவ்வளவு அழுவேன் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஆடியில் வெள்ளம் வந்தது. அக்கரையில் ஒரு விவசாயியைப் பாம்பு கடித்துவிட்டது. வெளியே தொங்க ஆள் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல ஒல்லி. கம்பவுண்டர் ஒரு பெரிய சாக்கில் மணலை அள்ளிக் கட்டி, மேல் விளிம்பில் கயிறு போட்டு இறுக்கினார். படகு கிளம்பியது. நான் கரையில் நின்றேன். பாய் படபடப்பதும் தண்ணீர் இரைவதும் மட்டும் கேட்டது. வேறு சத்தமே இல்லை. படகு நேராகப் போனது, நேராகத் திரும்பியது. விவசாயியும் பிழைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா இறங்கி மணலில் உட்கார்ந்தார். கரைக்கு வந்தும் பையைக் கட்டிப் பிடித்த பிடியை விடவில்லை.

"என்னங்க டாக்டரம்மா, படகுல ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் போச்சு. மூட்டையும் ஆடாம நின்னுச்சு." விளிம்பில் இருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா எங்களுக்கும் சேர்த்து அவரே பயந்துக்கிட்டிருந்தாரு. இன்னிக்குத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு."

கம்பவுண்டர் படகுக்குத் திரும்பிப் போனார். விளிம்பில் இருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெறும் மணல் மூட்டைதான். கயிற்றை அறுத்துவிட்டிருந்தால் தொப்பென்று தண்ணீரில் விழுந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. படகை விட்டு இறங்கி நின்று, இரண்டு கையையும் கொடுத்து, மெதுவாகக் கரையில் இறக்கி உட்கார வைத்தார்.