நெய்க்காரப்பட்டியில் அரிவாள் தடை

அன்பு மருமகன் இனிகோவுக்கு, நெய்க்காரப்பட்டியிலிருந்து அத்தை செபாஸ்தியம்மாள் எழுதிக்கொண்டது. மாதாவின் கிருபையால் நானும் என் முட்டிவலியும் சுகம். அவ்விடத்துப் பனியும் நீயும் எப்படி?

ஓயாமல் சண்டை நடக்கும் நாடுகளுக்கு யாரும் ஆயுதம் விற்கக் கூடாதென்று பல தேசத்தாரை உட்காரவைத்துப் பேசும் ஆபீசில் உனக்கு வேலை என்று உன் அம்மா சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஒருத்தன் விற்காவிட்டால் இன்னொருத்தன் விற்க மாட்டானா? இதற்குள் பக்கத்துத் தோட்டத்திலேயே விஷயம் முற்றிவிட்டது. அண்ணன் காமராஜும் தம்பி மோகன்குமாரும் வரப்பில் நிற்கும் ஒற்றைத் தென்னைக்காக அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். காமராஜ் மனைவி பழனியம்மாள் குறுக்கே பாய்ந்தாள். நல்லவேளை, முந்தானை மட்டும் கிழிந்தது. ஊர் கூடி இரண்டு அரிவாளையும் பிடுங்கியது. புதிதாக வாங்கிவிட்டால்?

பட்டறைக்காரர் மணிமாறனிடம் போய், அவர்களுக்கு விற்காதீர்கள் என்றேன். "நான் குடுக்கலீன்னா பாலசமுத்திரத்துல வாங்கிக்குவாங்களுங்க டீச்சர்" என்றார். பாலசமுத்திரத்துக் கடைக்காரர் பேகம்பூரைக் கைகாட்டினார். பஸ் ஏறித் திண்டுக்கல் போனால் பேகம்பூர் சனாவுல்லா பாய், "மொதல்ல அந்த ரெண்டு கடைக்காரவுகளும் நிறுத்தட்டும்மா, நானும் நிறுத்துறேன்" என்கிறார். விடுவேனா? மூவரையும் பழனி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரவழைத்தேன். டீ ஆறும்வரை, முதலில் நீ நிறுத்து என்று ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். உங்கள் கூட்டத்திலும் இப்படித்தானா? கடைசியில் மணிமாறன்தான், "நான் அடிச்ச அருவா அந்தப் பழனியம்மா புள்ள மேல பட்டிருந்தா எனக்குத் தூக்கம் வருமுங்களா?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் தலைவலி. "அந்த அண்ணன் தம்பி அருவாமனை கேக்குறாக, குடுக்கலாமா?" என்று பாய் போன் செய்தார். உட்கார்ந்து அரிந்தால் கருவி, தூக்கிக்கொண்டு ஓடினால் ஆயுதம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். மண்வெட்டிக்கு என்ன சொல்வது? உங்கள் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா?

ஆனாலும் ஒன்று, இப்போது அண்ணனும் தம்பியும் வாயால் மட்டும் சண்டை போடுகிறார்கள். "இப்பத்தானுங்க டீச்சர் தொண்டைக்குள்ள சோறு இறங்குது" என்று பழனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்தோணியார் உன்னையும் உன் ஆபீசையும் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தை செபாஸ்தியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது காமராஜும் மோகன்குமாரும் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் விற்காததால் இருவரும் கூட்டுச் சேர்ந்து, கோயம்புத்தூரிலிருந்து சரக்கு இறக்கி, ஊரிலேயே அரிவாள் கடை போடுகிறார்களாம். கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பார்களாம். "நீங்கதானுங்க வந்து தொறந்து வெக்கோணும்" என்று ஒரே பிடிவாதம். போகலாமா, கூடாதா? ஆபீசில் கேட்டு உடனே எழுது.