லபக் முதலிடம்

புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவரிடம் ஒரு மாதத்துக்கு எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. தையல் கற்றவர் வீட்டில் திரைச்சீலை மிஞ்சாது. போட்டோ பிடிக்கக் கற்றவர் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும். நான் 2007-இல் கற்றுக்கொண்டது, அட்டவணையில் இரண்டு பத்திகளை ஒன்றாக்குவது. அதை டெக்சாஸ் மாநிலம் தாங்க வேண்டியதாயிற்று.

அப்போது எனக்கு சான் ரமோனில் வேலை. குளியலறைச் சாமான்கள் விற்கும் கம்பெனி. கடைகள் எல்லாம் டெக்சாஸில், தலைமை அலுவலகம் மட்டும் கலிஃபோர்னியாவில். எந்த ஊர்க் கடையில் எத்தனை டாய்லெட் விற்றது என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. (ஈரோட்டில் சொந்தக்காரர்கள் கேட்டால் 'டேட்டா அனலிஸ்ட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எதனுடைய டேட்டா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.)

அந்த வருடம் புது மேலாளராக கேரல் வந்தார். என் க்ரீன் கார்டு விண்ணப்பத்துக்குக் கம்பெனி தர வேண்டிய கடிதம் அவர் கையெழுத்துக்காக மேஜையில் காத்திருந்தது. என் விசா முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே கேரல் தும்மினால்கூட நான் டிஷ்யூவோடு நிற்கும் நிலையில் இருந்தேன்.

வந்த வாரமே என் அட்டவணையைக் கையில் எடுத்தார். அது மூன்று தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்தது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். புடவைக் கடையில் முந்தானை காட்டுவதைப்போல இருவரும் நின்றோம்.

"கவிதா, இதைப் படிக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படுகிறது. ஒரே பக்கத்தில் வேண்டும்" என்றார்.

அன்று மதியம் தயிர் சாதம் சாப்பிட்டபடி இணையத்தில் தேடியபோது அந்த உபதேசம் கண்ணில் பட்டது. தொடர்புள்ள எண்களைத் தனித்தனிப் பத்திகளில் பரப்பாதீர்கள், ஒரே பத்தியில் சேர்த்துக் காட்டுங்கள். அடடா என்று இருந்தது. விற்ற எண்ணிக்கை ஒரு பத்தி, விற்க வேண்டிய இலக்கு இன்னொரு பத்தி. சொந்தக்காரர்கள்தானே, இவர்களுக்கு எதற்குத் தனிக்குடித்தனம்? இரண்டையும் ஒரே கட்டத்தில் குடிவைத்து நடுவில் ஒரு சாய்கோட்டைத் தடுப்பாகப் போட்டேன். நாற்பது விற்கச் சொல்லி ஒன்பது விற்றிருந்தால் '9 / 40'. பார்த்தவுடன் புரிந்துவிடும்.

அத்துடன் நிறுத்தியிருந்தால் நான் நல்ல ஊழியர். ஆனால் கை அரித்தது. திரும்பி வந்த சரக்கையும் வந்த புகார்களையும் சேர்த்தேன். மேனேஜர் பெயரையும் அவர் ஃபோன் நம்பரையும் சேர்த்தேன். மூன்று தாள் ஒரு தாளாகச் சுருங்கியது. கேரல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "யூ ஆர் அ ஜீனியஸ்" என்றார். அந்த வார்த்தையை நான் வீடு வரைக்கும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு போனேன். அடுத்த நாள் என் கணவர் செந்திலின் மதிய டப்பாவில் ரசம் சாதமும் தயிர் சாதமும் ஒன்றாகப் போயின.

சாயங்காலம் அவர் காலி டப்பாவைச் சிங்கில் வைத்தபடி, "ஏன் கவி, ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டி வெச்சிருக்கற? எது எதுன்னே தெரியல" என்றார்.

"ரெண்டும் சாதந்தானுங்க. தொடர்புள்ளது" என்றேன்.

அவர் டப்பாவைக் கழுவ ஆரம்பித்தார். ஜீனியஸோடு குடும்பம் நடத்துபவர்களுக்குப் பொறுமை தேவை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

காலாண்டு முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாக் கடை மேனேஜர்களோடும் ஃபோனில் கூட்டம். அதற்குச் சற்று முன்னால் கேரல் என் இடத்துக்கு வந்து, "எண்களைப் பார்த்தால் எல்லோருக்கும் தூக்கம் வரும். கடைகளின் பெயர் மட்டும் போதும். அதிகம் விற்றது மேலே, குறைவாக விற்றது கீழே. முதலிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைப் படம் போடு" என்றார்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் பெற்று வளர்த்த அந்தக் கூட்டுக்குடும்பப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, மேலிருந்து கீழாக அடுக்கு என்று ஒரு பொத்தானை அமுக்கினேன். அடுக்கிவிட்டது. முதலிடத்தில் லபக். (ஊர்ப் பெயரே அதுதான். எதையோ விழுங்கிய சத்தம் இல்லை.) கடைசி இடத்தில் டல்லாஸ்.

இதில் ஒரு சின்ன விஷயம். லபக் கடை திறந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டல்லாஸோ நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலிடத்தைத் தவிர வேறு இடத்தைப் பார்த்ததில்லை. கொஞ்சமாவது மூளை உள்ளவள் இங்கே ஒரு நொடி நின்றிருப்பாள். நானும் நின்றேன். நின்று, டல்லாஸ் மேனேஜர் பார்பராவை நினைத்து, பாவம், வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும் என்று வருத்தப்பட்டேன். பிறகு லபக்குக்குப் பக்கத்தில் கோப்பையை ஒட்டினேன். கோப்பை சின்னதாகத் தெரிந்ததால் இழுத்துப் பெரிதாக்கினேன்.

கூட்டம் தொடங்கியது. கேரல் அவர் அறையிலிருந்து பேச, நாங்கள் அவரவர் இடத்தில் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இந்தக் காலாண்டில் முதலிடம், லபக்" என்றார் கேரல்.

மறுமுனையில் லபக் மேனேஜர் ராயின் குரல் வந்தது. ராய் பேசும் ஆங்கிலம் என் காதில் எப்போதும் கொங்குத் தமிழாகத்தான் விழும். அத்தனை நிதானம், அத்தனை மரியாதை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங் மேடம், இன்னொருக்கா சொல்றீங்களா?"

கேரல் இன்னொரு முறை சொன்னார். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் கம்பெனி செலவில் விருந்து என்றும் சொன்னார். ராய்க்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுவது கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் அட்டவணை எத்தனை பேரை வாழவைக்கிறது என்று பூரித்துப்போனேன்.

"டல்லாஸ் கடைசி இடத்தில் இருக்கிறது. பார்பரா, என்ன ஆயிற்று?" என்றார் கேரல், கொஞ்சம் கறாராக.

"கேரல், செல்லமே" என்றார் பார்பரா. (அமெரிக்காவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை இந்தக் குரலில் செல்லமே என்றால் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வது நல்லது.) "லபக்கில் இருக்கும் மனிதர்களைவிட நான் விற்ற டாய்லெட் அதிகம். உங்கள் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களா?"

அதே நேரத்தில் எதிர்த் தடுப்புக்கு மேல் ஒரு தலை எழுந்தது. ஷாகுல், எங்கள் டேட்டாபேஸ் ஆள், திருச்சிக்காரர். கையில் என் அட்டவணை.

"அக்கா, ஃபோனை மியூட்ல போடுங்க" என்றார்.

"ஏன்?"

"நீங்க இப்ப கத்தப் போறீங்க."

போட்டேன். ஷாகுல் குரலைத் தாழ்த்தினார். "நம்பருக்கு நடுவுல ஒரு கோட்டைப் போட்டுட்டீங்கள்ல, அப்புறம் அது நம்பரே இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. டிக்‌ஷனரி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். லபக் வித்தது ஒன்பது. டல்லாஸ் வித்தது ஆயிரத்து நூத்திச் சொச்சம். முதல் எழுத்து மட்டும் பார்த்தா, ஒன்பது பெருசா, ஒண்ணு பெருசா?"

"ஒன்பது" என்றேன்.

"அவ்வளவுதான்."

கத்தினேன். "ஐயையோ, எல்லாம் போச்சே" என்று வயிற்றிலிருந்து வந்தது. அப்போதுதான் ஷாகுல் என் ஃபோனைப் பார்த்தார். அது ஏற்கெனவே மியூட்டில்தான் இருந்திருக்கிறது. நான் அமுக்கியதில் திறந்துகொண்டது. டெக்சாஸின் அத்தனை கடைகளிலும் என் ஐயையோ ஒலித்தது.

"கவிதாவும் கொண்டாடுகிறாள்" என்றார் கேரல் மகிழ்ச்சியாக.

"ரொம்ப நன்றிங்க அம்மிணி" என்றார் ராய்.

கூட்டம் முடிந்து கேரல் அறைக்கு நடந்த தூரம் கொஞ்சம்தான். அதற்குள் மனதில் பெட்டி கட்டி, கொரோல்லா காரை விற்று, இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கி, சித்தப்பாவிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். (டாய்லெட்டை எண்ணத் தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் சித்தப்பா.) உள்ளே போய் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன்.

கேரல் மேஜையிலிருந்த அட்டவணையை எடுத்தார். லபக் வரியில் விரலை வைத்தார். '9 / 40' என்று அது பட்டவர்த்தனமாக இருந்தது. காலையிலிருந்து அவர் முன்னாலேயே இருந்திருக்கிறது. அவர் தோள் குலுங்கியபோது அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒன்பது. நான் பார்பராவைத் திட்டினேன், ஒன்பதுக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பார்பராவிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாக முடிந்தது. தன் கடைக்கும் விருந்து என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். கஷ்டம் ராய்தான். அந்தச் சிரித்து அழுத பெண்ணின் குரல் என் காதிலேயே இருந்தது. நானே சொல்கிறேன் என்று கேரல் முன்னால் ஃபோன் போட்டேன். பின்னணியில் ஒரே ஆரவாரம். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. முதலிடம்னு சொன்னது வந்து..."

"தெரியுமுங்க" என்றார் ராய்.

"தெரியுமா?"

"ஒம்பது வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியுமுங்க அம்மிணி. நம்ம வித்தது நமக்குத் தெரியாதுங்களா? ஆனா இந்தப் பசங்க மூஞ்சியப் பார்த்தனுங்க. கடை தொறந்ததுல இருந்து இப்பத்தான் சிரிக்கறாங்க. கேக்கு வேற வாங்கிட்டு வந்துட்டாங்க. திங்கக்கிழமை சொல்லிக்கலாம்னு இருக்கறேன். அதுவரைக்கும் நீங்களும் சொல்லாம இருந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

கேரல் என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, விருந்து விருந்துதான், அதில் மாற்றமில்லை என்றார். பிறகு என் க்ரீன் கார்டு கடிதத்தைத் தேடி எடுத்தார். "இதில் உன் பெயரும் பதவியும் தனித்தனியாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஷாகுலிடம் சொன்னபோது ராயும் கேக்கும் கையெழுத்தும் ஒரே வாக்கியத்தில் குவிந்து வந்தன. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை நான் செய்த முதல் வேலை, ஒன்றாக்கிய பத்திகளுக்குப் பக்கத்திலேயே அடுக்குவதற்கென்று அசல் எண்ணைத் தனிப் பத்தியில் வைத்தது. இரண்டாவது வேலை, செந்திலுக்கு இரண்டு அறை வைத்த டப்பா வாங்கியது. அடுத்த காலாண்டில் லபக் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தது. அதற்கும் ராய் கேக் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன்.

நான் அந்தக் கம்பெனியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. லபக் மட்டும் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. செந்தில் இந்தியன் கடை வரிசையில் கடைசியாக மாட்டிக்கொண்டாலும் சரி, தமிழ்ச் சங்கப் பாட்டுப் போட்டியில் நான் மண்ணைக் கவ்வினாலும் சரி, 'லபக் முதலிடம்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஒருமுறை மகள் நீச்சல் போட்டிக்குப் போனாள். மற்றவர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவள் இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள். காரில் பின் சீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்ணாடியில் பார்த்தபடி வந்தேன். தேற்றுவதற்கு ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"எத்தனாவது கண்ணு?" என்று செந்தில்தான் கேட்டார்.

"லபக் ஃபர்ஸ்ட், அப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஸோ, கேன் வீ கெட் கேக்?" என்றாள்.

வாங்கினோம், பெரியதாகவே. எங்கள் வீட்டுச் சட்டம் இது. லபக் முதலிடம் வந்தவருக்குக் கேக் உண்டு. திங்கட்கிழமை வரைக்கும் யாரும் எண்ணிப் பார்க்கக் கூடாது.