பூட்டக்காவும் திறந்த போனும்

பயப்படுவதற்கென்று யாராவது சம்பளம் கொடுத்திருந்தால், எங்கள் பூட்டக்கா இந்நேரம் ஈ.சி.ஆரில் கடலைப் பார்த்து பங்களா கட்டியிருப்பாள்.

நாவலூரில் நாங்கள் இருந்த பெண்கள் விடுதியில் அவளுடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. அலமாரிக்கு ஒரு பூட்டு. அலமாரிக்குள் இருக்கும் பெட்டிக்கு ஒரு பூட்டு. பெட்டிக்குள் இருக்கும் ஊறுகாய் டப்பாவுக்கும் ஒரு குட்டிப் பூட்டு. அப்புறம் பெயர் எதற்கு? செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, உலகமே ஓட்டையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அதிலும் போன் என்றால் பேயைக் கண்ட மாதிரி. சாப்பாட்டு மேஜையில் யாராவது போனை வைத்தால் அதன்மேல் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவாள்.

"அது கேட்டுகினு கீதுடி. நேத்து செருப்பு பிஞ்சிபோச்சுன்னு சொன்ன இல்ல? இன்னிக்கு உனக்கு செருப்பு வெளம்பரம் வந்துச்சா இல்லியா?"

வந்திருந்தது. அதற்குப் பிறகு நான் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் போவதையே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி, லினக்ஸில் ஓடும் புதுப் போன் ஒன்றைக் கொண்டுவருவதாக அறிவித்தது. உள்ளே ஓடும் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். மைக்குக்கும் கேமராவுக்கும் கரண்டையே துண்டிக்கிற மாதிரி தனித்தனி சுவிட்ச். அக்கா அன்றைக்கே பதிவுசெய்துவிட்டு, கேள்வி கேட்டே அந்தக் கம்பெனியைக் கொன்றாள். போனின் முதுகைக் கழற்றலாமா? பேட்டரியை நானே மாற்றலாமா? வேறு சிஸ்டம் போட்டால் தடுப்பீர்களா? தாராளமாகக் கழற்றுங்கள், மாற்றுங்கள், தடுக்க மாட்டோம் என்று பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் ஒரு உண்மையையும் சொன்னார்கள். டவரோடு பேசுகிற மோடத்துக்குள் இருக்கும் புரோகிராம் மட்டும் மூடியதுதான். அது வேறொருவர் தயாரிப்பு, நாங்களும் பார்த்ததில்லை.

அக்கா அன்று சாப்பிடவில்லை. "எல்லா ரூமையும் தொறந்து காட்டிட்டு ஒரு ரூம மட்டும் பூட்டி வச்சா இன்னா அர்த்தம்? பேய் அங்கதான் கீதுன்னு அர்த்தம்."

"எல்லாத்தையும் தொறந்து போட்டா திருடனும் உள்ள வருவானேக்கா?" என்றேன்.

"தொறந்ததுன்னா பூட்டே இல்லாததுன்னு நெனச்சியா? பூட்டு இருக்கும். சாவி யார் கையிலங்கறதுதான் மேட்டரு. உன் போனு சாவி உங்கிட்டயா கீது, சொல்லு?"

மேஜையில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவும் நானும் இருந்த அறையின் மூன்றாவது ஆளான ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா மதுராந்தகத்துப் பெண். நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை பரிசாக ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்திருந்தான். சாயங்காலம் கூப்பிட்டு, "இன்னிக்கு ஹாஸ்டல்ல கத்திரிக்கா கொழம்பா? நல்லால்லன்னு திட்டுனியாமே?" என்பான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மனசு சொல்லுது" என்பான். நாங்களெல்லாம் பொறாமைப்பட்டோம்.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் மீன் வறுவல் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கிட்ட சொல்லாம வந்துட்டியே ஸ்டெல்லா."

மாப்பிள்ளை! சிரித்துக்கொண்டுதான் நின்றான். "நான் சந்தேகப் பிராணியா? பஸ்ஸுல அப்படித்தான சொன்ன?" என்றான். பஸ்ஸில் அவள் அதை என் காதோடு காதாகத்தான் சொன்னாள். என் கையிலிருந்த மீன் மணலில் விழுந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் அக்கா எங்களை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். ஸ்டெல்லாவின் போன் கீழே அறையில் கிடந்தது. "அதுக்குள்ள ஆள் கீறான். எதையும் அழிக்காத, ஆஃப் பண்ணாத. மொதல்ல டெஸ்ட் பண்ணணும்."

டெஸ்ட் என்றால் நாடகம். அந்தப் போனைக் கட்டிலில் வைத்து, சுற்றி உட்கார்ந்தோம். "நாளைக்கு காலைல திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போலாமாக்கா?" என்று நான் ஆரம்பித்தேன். அக்காவுக்குப் பயத்தில் செந்தமிழ் வந்துவிட்டது. "செல்லலாமே! உன் கைப்பேசியை இங்கேயே மின்னேற்றத்தில் வைத்துவிட்டுச் செல்லலாமே ஸ்டெல்லா!"

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

"அவன் வரலன்னா இன்னாக்கா பண்றது?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"வரலன்னா நான் பைத்தியம். சந்தோஷமா பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் திருப்போரூரில், குளத்துக்கு எதிரே ஒரு பூக்கடையின் பின்னால் நின்றோம். "வரக் கூடாது முருகா, வரக் கூடாது" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டேயிருந்தாள். அவளுடைய பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. வேண்டுதல் பலிக்கவில்லை. பைக்கை நிறுத்தினான். குளத்துப் படிகளில் ஒவ்வொரு பெண்ணின் முகமாகத் தேட ஆரம்பித்தான். ஸ்டெல்லா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஓடிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், எங்களில் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தவள் அவனை நோக்கி நடந்துவிட்டாள்.

"யார தேடறீங்க தம்பி?"

"சும்மா... சாமி கும்புட."

"நாங்க இங்க வர்றது மனுசங்க யாருக்கும் தெரியாது. அந்தப் போனாண்ட மட்டும்தான் சொன்னோம்!"

பயத்தில் குரல் உச்சத்துக்குப் போயிருந்தது. பூக்காரப் பெண்கள் எழுந்து நின்றார்கள். "நான் கட்டிக்கப் போறவ, நான் பாத்துக்கறேன், உனக்கு இன்னா?" என்றான். ஒரு பூக்காரம்மா, "கடைக்குப் பின்னால நிக்கற அந்தப் பொண்ணு ஏன் அப்படி நடுங்குது?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்டெல்லாவின் அப்பா ஓடிவந்தார். போனை அப்படியே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். வேவு பார்க்கிற ஆப் உள்ளே ஒளிந்திருந்தது. கல்யாணம் நின்றது. ஆனால் ஸ்டெல்லாவின் பயம் நிற்கவில்லை. எந்தப் போன் அடித்தாலும் தூக்கிவாரிப்போடும். அவள் அம்மா என் போனில் கூப்பிட்டால், அறையின் அந்தக் கோடியில் நின்று "நல்லா கீறேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்வாள், அவ்வளவுதான்.

அக்காவின் லினக்ஸ் போன் அப்போதுதான் வந்து சேர்ந்தது. செங்கல் கனம். தொட்டால் இட்லிப் பானைச் சூடு. அதில் எடுத்த போட்டோவில் நாங்கள் மூவரும் ஆவி மாதிரி இருந்தோம். அக்கா அதைப் பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள். பிறகு ஸ்டெல்லாவிடம் நீட்டினாள்.

"இந்தா, வச்சுக்கோ."

"உனக்குன்னு காத்திருந்து வாங்குனதுக்கா..."

"அட, புடிடி. இது மைக்கு சுவிட்சு. தள்ளிட்டா போனு செவுடு."

"இத யாராலயும் ஹேக் பண்ண முடியாதாக்கா?"

அக்கா யோசித்தாள். "முடியாதுன்னு சொன்னா நான் பொய்க்காரி. ஆனா இத மொதல்ல நீ பண்ணலாம். உள்ள இன்னா ஓடுதுன்னு நீயே பாக்கலாம். நான் கத்துத் தரேன்."

ஸ்டெல்லா அந்தச் சுவிட்சைத் தள்ளினாள், திருப்பித் தள்ளினாள். ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். அப்புறம் மைக்கைப் போட்டு, அம்மாவுக்கு அவளே நம்பரை அழுத்தினாள். அவள் கரகரத்த குரலில் "அம்மா" என்றதும் அக்கா எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அது போதாதென்று மாடிப்படி வரைக்கும் நடந்தாள்.

"இன்னாக்கா, இங்க வந்து நிக்கற?"

"அவ பேசறது நம்ம காதுல விழக் கூடாதில்ல?"

அதற்கப்புறம் எனக்கு எந்த ரகசியம் வந்தாலும் முதலில் அக்காவிடம்தான் சொல்கிறேன்.